டியூக் குந்தரின் இரண்டு பாதிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சென்னைப் பறக்கும் ரயிலில் ஒரு காலை எனக்கு உட்கார இடம் கிடைத்தது; அதனால் பிறந்த கதை இது. நின்றுகொண்டு போயிருந்தால் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை பையைப் பிடித்திருக்கும், புத்தகத்தைத் திறந்திருக்கவே மாட்டேன். எங்கள் வீடும் இந்தப் பாடு பட்டிருக்காது.

புத்தகம் லஸ் முனை நடைபாதையில் வாங்கியது. அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை. ஆகவே எழுதியவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். பழைய காலத்து ஜெர்மன் டியூக்குகளைப் பற்றியது. டியூக் என்றால் ராஜாவுக்கு ஒரு படி கீழே. அப்பா டியூக் இறந்ததும் மகன்கள் நாட்டைப் பங்கு போடுவார்கள். அந்த மகன்களின் மகன்கள் அந்தப் பங்கைப் பங்கு போடுவார்கள். இப்படியே போனால், காலையில் தன் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் ஒரு டியூக் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அதில் ஓர் அடிக்குறிப்பு. ஜெர்மனியில் சில இடங்களில் ஒரு வழக்கம் இருந்ததாம்: அண்ணன் இரண்டாகப் பிரிக்க வேண்டும், எந்தப் பாதி வேண்டும் என்று தம்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, என் ஆபீஸ் இருக்கும் தரமணி போய்விட்டிருந்தது. பெருங்குடியில் இறங்கித் திரும்பி வந்தேன். டீம் லீடரிடம் "ட்ரெயின் லேட்" என்றேன். ட்ரெயின் சரியாகத்தான் வந்தது. நான்தான் பதினைந்தாம் நூற்றாண்டில் இறங்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், டியூக் குந்தர் தன் கோட்டையின் ஜன்னலருகே நின்று—"

[நிறுத்திவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களில் முக்கியமாக ஏதாவது நடப்பதற்கு முன்னால் யாராவது ஜன்னலருகே நின்று பனியைப் பார்ப்பார்கள். படித்துப் படித்து எனக்கும் தொற்றிக்கொண்டது. எனக்குத் தெரிந்த பனி, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ்தான். எங்கள் ஜன்னலருகே நின்றால் தெரிவது எதிர் வீட்டு லுங்கி.]

இதைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். சித்தியை அறிமுகப்படுத்த வேண்டும். அவள்தான் என் ஒரே வாசகி, நீங்கள் இரண்டாவது. பெயர் அஸ்வினி. என் சித்தப்பா பிரபாகரின் மனைவி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். எழுதியதை வாங்கிப் படிக்க மாட்டாள். அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். நான் வாசல்படியில் நின்று படிப்பேன்.

"பேரு இன்னா சொன்ன?"

"குந்தர். டியூக் குந்தர்."

"டியூக்குனா பைக்கு தான?"

"சித்தி, அது ராஜா மாதிரி. ஒரு நாட்டையே ஆள்றவரு."

"நாட்ட ஆள்றவரு இன்னாத்துக்கு ஜன்னலாண்ட நின்னுக்கினு கீறாரு? வேல வெட்டி இல்லியா?"

இரண்டாவது தொடக்கம்:

"ஹோல்டன்ஃபெல்ஸ் என்ற சிறிய நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அந்த ஆறு—"

[ஹோல்டன்ஃபெல்ஸை வரைபடத்தில் தேட வேண்டாம். நாடும் என் கற்பனை, குந்தரும் என் கற்பனை. ஆற்றுக்கு மட்டும் கற்பனை போதவில்லை. எனக்குப் பழக்கமான ஒரே ஆறு அடையாறு. அதையும் ரயில் தாண்டும் நேரம்தான் பார்க்கிறேன். ஆகவே குந்தரின் ஆறு அடையாற்றின் அகலத்தில் ஓடுகிறது. வாசனையை மட்டும் விட்டுவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கம்:

"டியூக் குந்தருக்கு ஒரு தம்பி இருந்தான்."

சித்தி பூண்டைக் கீழே வைத்தாள்.

"இது நல்லாகீது. மேல சொல்லு."

3

மேலே சொல்வதற்குமுன் டியூக்கைச் சிறிது நேரம் குதிரைமேல் உட்காரவைத்துவிட்டு நாம் சாந்தோம் வரவேண்டும். குதிரை நல்ல குதிரை. நிற்கும்.

கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம் எங்கள் வீடு. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, ஆனால் எல்லாருக்கும் கீழே இருக்கும் ஒரே அடுப்படி. அப்பா ஆரோக்கியராஜ் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் தம்பி பிரபாகர் சித்தப்பா அடையாறு பக்கம் ஏசி மெக்கானிக். தாத்தா கட்டிய வீடு என்பதால் இரண்டு பேருக்கும் சரிபாதி. எது யாருடைய பாதி என்று யாரும் கேட்டதில்லை, சாம்பார் பிரச்சினை வரும்வரை.

சித்தி அபிராமபுரத்தில் சில வீடுகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். எல்லாரும் சைவம். அவள் சாம்பார் கொதிக்கும் அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் அம்மா நெத்திலிக் கருவாடு வறுப்பாள். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த நேரத்தில்தான் வறுக்கிறாள். அப்பா கரையேறி வந்து சாப்பிடும் நேரம் அது. ஒருநாள் சண்முகசுந்தரம் சார் என்ற வாடிக்கையாளர் போன் செய்தார். மிகவும் மரியாதையான மனிதர்.

"சாம்பார் பிரமாதம்மா. ஆனா கொஞ்சம் மெரினா வாசனை வருதே?"

அன்றோடு அவர் நின்றுவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு வீடு. சித்தி அழவில்லை, சண்டை போடவில்லை. பாலவாக்கத்தில் ஹாஜிரா பீ என்பவரின் வீட்டு மாடி வாடகைக்கு இருக்கிறது என்று விசாரித்து வைத்தாள். தனி அடுப்படி, கடற்காற்று.

"இங்க எனக்குனு ஒரு அடுப்பு கெடச்சா இருப்பேன். இல்லனா கெளம்புறேன்," என்றாள் சித்தப்பாவிடம். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

பாலவாக்கம் ஒன்றும் ஜெர்மனி இல்லை. பஸ் இருக்கிறது. ஆனால் அடுப்படி வாசல்படியில் நின்று கதை படிப்பதற்காக யாரும் தினமும் பஸ் ஏறிப் போவதில்லை. இந்தக் கதையில் எனக்கு நஷ்டம் என்று ஏதாவது வருமென்றால் அது இதுதான்: சித்தி போய்விடுவாள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நடுநடுவே டியூக், கோட்டை என்று கண்ணைக் கட்டினாலும் ஏமாறாதீர்கள்.

அந்த ஞாயிறு மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். நான்தான் வாயைத் திறந்தேன்.

"நைனா, நீங்க வீட்ட ரெண்டா பிரிங்க. எது வேணும்னு சித்தப்பா எடுத்துக்கட்டும். ஜெர்மன்ல ஒரு ராஜா அப்டித்தான் பண்ணாரு."

அப்பா மீன் முள்ளை ஓரமாக வைத்தார்.

"இத்த கத்துக்க ஜெர்மன் போவணுமா? கரைல இன்னா பண்றோம்? கூறு போட்டவன் கடைசில எடுப்பான். அப்பதான் கூறு ஒழுங்கா வுழும்."

[பிடித்த மீனைப் படகுக்காரர்கள் மணலில் பங்கு பங்காகக் குவிப்பார்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு கூறு. குவிப்பவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் படகில் வழக்கம்.]

"அந்தாளு ஊருல கடல் கீதா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. ஆறுதான்."

"கடலே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு ராஜா?" என்றார். ஆனாலும் அவருக்குப் பெருமைதான். தன் சட்டம் ஒன்று ஜெர்மனிவரை போயிருக்கிறது.*

* இறைச்சி தொடக் கூடாத வெள்ளிக்கிழமைகளில் டியூக் என்ன சாப்பிட்டார் என்று அம்மா கேட்டாள். உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து எங்கிருந்தோ வரும் மீன் என்றேன். "பாவம்," என்றாள் அம்மா. குந்தர்மேல் எங்கள் வீட்டில் விழுந்த முதல் இரக்கம்.

4

குதிரை இன்னும் நிற்கிறது. டியூக்கிடம் போகலாம்.

பழைய டியூக் விலாங்கு மீன் அதிகம் சாப்பிட்டு இறந்தார். (வேட்டையில் இறந்தார் என்று முதலில் எழுதினேன். விலாங்குதான் நம்பும்படி இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.) குந்தரும் தம்பி கான்ராடும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஆண்டார்கள். ஒரு கோட்டை, ஒரு முத்திரை. பிறகு, எல்லா வீட்டிலும் போல, பிரிப்பது என்று ஆனது.

குந்தர் குதிரையேறி நாட்டைச் சுற்றினார். ஆற்றையே கோடாக வைத்தார். மேற்கே உப்புக் கிணறும் வயல்களும். கிழக்கே திராட்சைத் தோட்டங்களும், காடும், சிறு வயதில் அவர் ஏறி ஊரைப் பார்த்த ஒரு கோபுரமும். வரைபடத்தை மேசைமேல் விரித்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"எது வேண்டும்? சொல்."

கான்ராட் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"யோசித்துச் சொல்கிறேன்."

குந்தருக்கு அந்தக் கோபுரம் வேண்டும். ஆனால் பிரித்தவர் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாதவருக்கு ஒரே வழிதான் உண்டு. மறுபாதியைத் தம்பியால் மறுக்க முடியாதபடி செய்துவிட வேண்டும். எனவே மாவு ஆலையை மேற்கே மாற்றினார். தம்பி பேசவில்லை. ஆற்றுப் பாலத்தின் சுங்கத்தை மேற்குக்கு எழுதினார். தம்பி பேசவில்லை. கிழக்கே இருந்த பெரிய தேவாலய மணியை இறக்கி மேற்கே ஏற்றினார். பிறகு ஒரு கரடியும் கொடுத்தார். கரடி எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் எனக்கு ஒரு கரடி தேவைப்பட்டது.

இதையெல்லாம் நான் கற்பனை செய்தேன் என்று நினைக்கிறீர்கள். கரடி மட்டும்தான் கற்பனை.

எங்கள் மாடி வராந்தாவில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு துண்டு தெரியும். தினமும் விடியலில் அப்பா டீயோடு அங்கே நிற்பார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அவருக்கு மேல் வீடுதான் வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும். அவர் மட்டும் சொல்ல மாட்டார். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. பிரபா எத்த வேணா எடுக்கட்டும்," என்று அறிவித்தார். அடுத்த நாளே கீழ் வீட்டுக்குப் புது மோட்டார் வந்தது.

சித்தப்பா பேசவில்லை.

கீழ் வீட்டுப் பாத்ரூமில் டைல்ஸ் வந்தது. நீல நிறம், நடுவில் டால்ஃபின். பைக் நிறுத்தும் இடம் கீழ் வீட்டுக்கே என்று முடிவானது. மேல் வீட்டுக்கென்று புதிதாகக் கட்டும் அடுப்படிக்கு ஒரு கடப்பாக்கல் மேடை மட்டும் போட்டுவிட்டு, கீழ் அடுப்படிக்குப் புகைபோக்கி வைத்தார். அப்போதும் சித்தப்பா பேசவில்லை. கடைசியில், மேலே இருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மாதாவையே லஞ்சமா குடுக்குறியாய்யா?"

"கீழ இருந்தா எல்லாருக்கும் சௌரியம்," என்றார் அப்பா, ஆணியைத் தேடிக்கொண்டே.

சித்தி அப்பாவை மாமா என்பாள். என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "இன்னும் ஒரு மாசம் உங்க சித்தப்பா வாயத் தொறக்கலன்னு வையி, மாமா லிஃப்டே வெச்சுடுவாரு."

5

இங்கே ஒரு சந்தேகம். கான்ராடை எனக்குப் பிடிபடவில்லை.

ஏன் அவன் எடுக்கவில்லை? தந்திரக்காரனாக எழுதிப் பார்த்தேன்: பேசாமல் இருந்தால் அண்ணன் இன்னும் இன்னும் கொடுப்பார் என்று தெரிந்தவன். நன்றாக வந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு, கையில் ஒயின் கோப்பை, நிழலில் பாதி முகம். ஆனால் நான் எழுதும்போது பக்கத்து அறையில் சித்தப்பா பனியனோடு உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எங்கே தேடியும் அந்தச் சிரிப்பு கிடைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். டீயா காபியா என்றால், "எதுனா." முடி வெட்டப் போனால் எப்படி வெட்டட்டும் என்று கேட்பவரிடம், "எதுனா." சித்தியை அவர் காதலித்துத்தான் கட்டிக்கொண்டார், ஆனால் கோயிலில் கல்யாணமா சர்ச்சில் கல்யாணமா என்று இரண்டு வீட்டாரும் கேட்டபோது என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். (இரண்டிலும் நடந்தது.)

ஒருநாள் காலை என்னைத் திருமயிலை ஸ்டேஷனில் விட பைக்கில் கூட்டிப்போனார். சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"சித்தப்பா, மேலயா கீழயான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"சொல்லலாந்தான்."

"சித்தி பாத்திரத்தல்லாம் சாக்குல கட்டிக்கினு கீது. பாத்தியா?"

"பாத்தேன்."

சிக்னல் பச்சையானது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"சின்ன வயசுலேர்ந்து வஞ்சிரத்துல நடுத்துண்டு எனக்குதான் வெப்பாரு உங்க நைனா. நான் கேட்டதே கெடையாது. கேக்குறதுக்கு முன்னாடி தட்டுல இருக்கும். இப்ப வாயத் தொறந்து மேலன்னு சொன்னா, அவரோட கடல புடுங்கிக்கினா மாறி. கீழன்னு சொன்னா, அவரு பாத்துப் பாத்து செஞ்சதெல்லாம் புடுங்கிக்கினா மாறி. நீயே சொல்லு, எத்த புடுங்கறது?"

"யோவ், போயா!" என்று பின்னாலிருந்து ஓர் ஆட்டோ கத்தியது. போனோம்.

ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே கான்ராடின் கையிலிருந்து ஒயின் கோப்பையை வாங்கி வைத்துவிட்டேன். நிழலிலிருந்து முகத்தை எடுத்தேன். அண்ணன் கொடுத்ததை மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த ஒருவனிடம் போய் எது வேண்டும் என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? அந்த அடிக்குறிப்பை எழுதியவர் இதை யோசிக்கவில்லை. நானும் சாப்பாட்டுத் தட்டின் முன் யோசிக்கவில்லை.

6

டியூக் குந்தரின் ஆட்சி இப்படித்தான் நடந்தது:

தம்பி சொல்லாததால் எந்தப் பாதி தன்னுடையது என்று குந்தருக்குத் தெரியவில்லை. தெரியாததால் இரண்டு பாதிகளையும் தன்னுடையது போலவே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேற்கே மதில் இடிந்தால் கட்டினார். நாளை அது தனக்கே வரலாம். கிழக்கே கிணறு வற்றினால் தோண்டினார். நாளை அது தம்பிக்குப் போகலாம், குறை சொல்லக் கூடாது. குடிமக்களிடம் வரி கேட்டுப் போனால், "எங்கள் டியூக் யார் என்று முடிவாகட்டும், கொடுக்காமல் எங்கே போகிறோம்?" என்றார்கள். முடிவாகவில்லை. ஹோல்டன்ஃபெல்ஸ் வரலாற்றிலேயே மக்கள் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

பேரரசரின் தூதர் ஒருவர் வந்தார். "தாங்கள் எந்தப் பகுதிக்கு டியூக்?" என்று எழுதிக்கொள்ளத் தயாராகக் கேட்டார்.

"தம்பி சொல்வான்," என்றார் குந்தர்.

தூதர் திரும்பிப் போகும்போது கரடியைப் பார்த்துவிட்டு—

[கரடியை இங்கே கொண்டுவர வேண்டாம். அதற்குச் சாப்பாடு போடவே எனக்கு வழி தெரியவில்லை.]

குந்தருக்கு நரைத்தது. போர் ஒன்று வந்தது. எந்தப் பாதியைத் தாக்கினால் யாருக்கு வலிக்கும் என்று தெரியாமல் எதிரி திரும்பிப் போனான். கோபுரத்தின் மேல் குந்தர் ஒருமுறையும் ஏறவில்லை. தன்னுடையது என்று ஆன பிறகு ஏறலாம் என்று வைத்திருந்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய மறுநாள் விடியலில் பார்த்தேன். அப்பா டீயோடு கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேலே போகவில்லை. வாசலில் நின்றால் கடல் தெரியாது.

"இன்னா நைனா, தண்ணி பாக்கலியா?"

"யாருதுன்னு ஆவட்டும். அப்பறம் பாத்துக்கலாம்," என்றார்.

இது கதையிலிருந்து வாழ்க்கைக்குப் போனதா, வாழ்க்கையிலிருந்து கதைக்கு வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் முந்தின நாளே எழுதிவிட்டேன் என்பதற்குச் சித்திதான் சாட்சி.

7

ஹாஜிரா பீ ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். வேறு யாரோ வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமை சித்தி சாக்கில் கட்டிய பாத்திரங்களின் மேல் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூன்று முடிவுகளைக் கொண்டுபோனேன்.

முதல் முடிவில், கான்ராட் சொல்லாமலே இறந்துபோகிறான். குந்தர் நாடு முழுவதையும் வைத்துக்கொண்டு அழுகிறார். "வேணாம்," என்றாள் சித்தி.

இரண்டாவதில், மரணப் படுக்கையில் குந்தர் தம்பியைக் கூப்பிட்டு மறுபடி கேட்கிறார். வெளியே பனி—"ஐஸ் போடாத," என்றாள்.

மூன்றாவதில், இரண்டு பேரும் கிழவர்களாகிப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். சித்தி கொஞ்சம் யோசித்தாள். பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆவலியா?"

"ஆச்சு... இருக்கும்."

"இருக்கும்னா? அவ எங்க?"

"எழுதல சித்தி."

"இத்தினி வருஷம் ஒருத்தன் எதுனா எதுனான்னு குந்திக்கினு கீறான், அவன் பொண்டாட்டி ஒரு வார்த்த பேசலியா? அவ இன்னா ஊமையா?"

"புக்குல பொண்டாட்டிங்கள பத்தி அவ்ளோவா இல்ல."

"புக்குல இல்லனா நீ போடு. நீதான எழுதற?" முருங்கைக்காயை நறுக்கென்று வெட்டினாள். "நாட்ட பிரிச்சா அடுப்பையும்தான பிரிப்பாங்க? அந்த அடுப்ப யாரு எரிக்கறா? ராணியாவே இருக்கட்டும், இன்னிக்கி இன்னா சமையல்னு அவதான சொல்லணும். அவள ஒருவாட்டி பேச வுடு."

அன்று மதியம் ஹெட்விக் பிறந்தாள். கான்ராடின் மனைவி. உண்மையில் அவள் முதல் பக்கத்திலிருந்தே கோட்டையின் ஒரே அடுப்படியில்தான் இருந்திருக்கிறாள். நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் அவள் மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்து, காவலர்களைத் தாண்டி, வரைபடம் விரித்த மேசைவரை நடந்தாள். அங்கே நிறுத்தினேன்.

"அப்பறம்?" என்றாள் சித்தி.

"தெரியல."

"தெரிஞ்சா சொல்லு. நாளிக்கி சாயந்தரம் வரைக்கும் இங்கதான் கீறேன்."

8

ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து எல்லாரும் கீழ்க் கூடத்தில் உட்கார்ந்தோம். சுவரில் மாதா புது ஆணியில் இருந்தார்.

"டேய் பிரபா. இன்னிக்கி சொல்லிடு."

"நீ எது குடுத்தாலும் சரிண்ணா."

"நான் குடுக்கக் கூடாதுடா! அதான்டா ரூலு!"

"அப்ப எதுனா."

"எதுனாவா?" அப்பா எழுந்துவிட்டார். "மோட்டாரு வெச்சிக்கீறேன், டைல்ஸ் ஒட்டிக்கீறேன், மாதாவ எறக்கிக்கீறேன். எதுனான்றான் பாரு!"

"யாரு கேட்டு மோட்டாரு வெச்ச? அத்த சொல்லு மொதல்ல," என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. ஒன் கருவாட்டாலதான் எல்லாம்."

"ஓ, கருவாடு! அத்த யாரு தின்னது?"

அப்போது சித்தியின் போன் அடித்தது. சித்தி எடுக்கவில்லை. திரையைச் சித்தப்பாவுக்குக் காட்டினாள்.

"ஹாஜிராக்கா. சரின்னு சொல்லட்டுமா, வேணான்னு சொல்லட்டுமா?"

"எது—" என்று ஆரம்பித்த சித்தப்பா நிறுத்திக்கொண்டார். அவர் அந்த வார்த்தையைப் பாதியில் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. பயந்துபோனவர் போல அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தம்பியைப் பார்க்க முடியாமல் பாத்ரூம் டைல்ஸ் பக்கம் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமா," என்றாள் சித்தி. "நான் சொல்றேன்."

அப்பா தடுமாறினார். அவர் நியாயஸ்தர், கூறு விஷயத்தில் ரொம்ப நியாயஸ்தர்.

"நீ சொல்லலாமாம்மா? தம்பிதான எடுக்கணும்?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "டயானா, புக்குல இன்னா போட்டுக்கீது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதுவரை நான் எழுதிய எதற்காகவும் இத்தனை பேர் ஒரே நேரத்தில் காத்திருந்ததில்லை.

புத்தகத்தில் ஒன்றும் போடவில்லை. ஒரே ஒரு அடிக்குறிப்பு. அதில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. மனைவி என்ற சொல்லே இல்லை. போன் இன்னும் ஒன்றிரண்டு முறை அடித்து நின்றுவிடும். நின்றால் சித்தி திரும்பக் கூப்பிடுவாள், சரி என்பாள், சாக்கைத் தூக்குவாள்.

"போட்டுக்கீது நைனா," என்றேன். "தம்பி வாயத் தொறக்கலன்னா தம்பி பொண்டாட்டி எடுக்கலாம்."

"நெஜமாவா?"

"ஹெட்விக்குனு ஒருத்தங்க அப்டித்தான் எடுத்தாங்க."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா தலையாட்டினார். "பேரல்லாம் போட்டுக்கீதா? அப்ப சரி."

சித்தப்பா நீளமாக மூச்சு விட்டார். நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவு நிம்மதியான ஒரு டியூக்கின் தம்பியை எந்த நாவலிலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது.

சித்தி போனை எடுத்தாள். "ஹாஜிராக்கா? வீடு வேணாங்க்கா. இங்கயே கெடச்சிருச்சு." வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

9

அந்தச் சொல் என்ன என்பதை நான் எழுதப் போவதில்லை.

கோபப்படாதீர்கள். இரண்டையும் தருகிறேன்.

சித்தி "மேல" என்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு வாரம் டால்ஃபின் டைல்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு விடியலில் மேலிருந்து சித்தியின் குரல்: "மாமா, டீ ஆறுது!" போனார். வராந்தாவில் நின்று தண்ணீரைப் பார்த்தார். இப்போது தினமும் போகிறார். தன் வீடாக இருந்தபோது கடலை மட்டும் பார்த்துவிட்டு வருவார்; தம்பி வீடு என்பதால் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறார்.

இல்லை, "கீழ" என்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கடல் கிடைத்தது. மேல் வீட்டுப் பாத்ரூமில் தண்ணீர் சரியாக ஏறவில்லை. புது மோட்டார் கீழ் வீட்டுக்கானது. ஆகவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் கீழே வந்து டால்ஃபினோடு குளிக்கிறார். மாதாவிடம் ஜெபிக்க அம்மாவும் சாயந்தரம் இறங்கி வருகிறாள். ஜெபம் முடிந்ததும் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, உப்பு போதாது என்கிறாள். சித்தப்பாவிடம் கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார், அதாவது கருத்துச் சொல்கிறார்.

இரண்டில் எது நடந்தது என்று என் எழுத்திலிருந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் கடல் வைத்தேன், மறுபக்கம் சாம்பார் வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஆசை காட்டினால் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான்.

ஹோல்டன்ஃபெல்ஸில் இன்னும் ஒன்றும் முடியவில்லை. ஹெட்விக் வரைபடத்தின் மேல் குனிந்து நிற்கிறாள். மாவு ஒட்டிய விரல் ஆற்றுக்கு நேர் மேலே. குந்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விரல் எந்தக் கரையில் இறங்கும் என்று எழுதிவிட்டேனா என்று சித்தி தினமும் கேட்கிறாள். முன்பென்றால் அடுப்படி வாசல்படியில் நின்றால் போதும். இப்போது அவளிடம் படித்துக் காட்டப் படிக்கட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது.

நான் படிக்கட்டின் நடுவில் நிற்கிறேன். ஏறுவதா இறங்குவதா என்பது நீங்கள் எந்த முடிவை எடுத்துக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத்தான் சித்தி கூப்பிடுகிறாள்.